இறங்காமல் பார்க்கும் தீவுகள்

ஆவடி மாநகராட்சியின் பரப்பு சுமார் 65 சதுர கிலோமீட்டர். தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் நடுவே மன்னார் வளைகுடாவில் வரிசையாகக் கிடக்கும் 21 தீவுகளின் நிலத்தையெல்லாம் ஒன்றாகக் கூட்டினாலும் 6.23 சதுர கிலோமீட்டர்தான் தேறும். ஆவடியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இந்தத் தீவுகளில் கரியாச்சல்லி என்று ஒன்று இருக்கிறது. 1969-ல் அதன் பரப்பு 20.85 ஹெக்டேர், 2018-ல் அளந்தபோது 5.97 ஹெக்டேர். நம் கணக்கில் சொன்னால் 51 ஏக்கர் 15 ஏக்கராகச் சுருங்கிவிட்டது. 2019 முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆவடிக்காரர்கள் பெடல் படகு மிதிக்கிற பருத்திப்பட்டு ஏரி சுமார் 87 ஏக்கர். அதற்குள் ஐந்து கரியாச்சல்லிகளைத் தாராளமாகக் கிடத்தலாம். தீவுகளுக்கு நடுவே சிறு படகில் ஒரு வாரம் சுற்றுவது உலகெங்கும் பெரிய சுற்றுலாத் தொழிலாகிவிட்டது. நம் கடலுக்கும் அது வர வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் இந்த அளவை முதலில் மனதில் இருத்திக்கொள்வது நல்லது. அப்படியொரு பயணம் நமக்கும் வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் அதில் பகலில் தீவுகளைச் சுற்ற வேண்டும். தீவில் கால் வைக்கக் கூடாது. இரவில் கரைக்குத் திரும்பிவிட வேண்டும். இது கேட்பதற்குச் சப்பென்று இருக்கலாம். ஏன் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

முதலில், படகு ஏன் சிறிதாக இருக்க வேண்டும்? குரோஷியாவின் தால்மேஷியக் கரையிலும், கிரேக்கத் தீவுகளிலும், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் இந்தப் பயணங்கள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஸ்காட்லாந்தில் பழைய மீன்பிடிக் கப்பல்களையே அறைகள் கட்டி மாற்றிப் பயணிகளை ஏற்றுகிறார்கள். பல படகுகள் 12 பேரோடு நிறுத்திக்கொள்வதற்கு ஒரு காரணம் உண்டு. சர்வதேசக் கடல் பாதுகாப்பு விதிகளின்படி 12 பயணிகளுக்கு மேல் ஏற்றுகிற கலம் பயணிகள் கப்பல் ஆகிவிடும். அதற்கான கட்டுப்பாடுகளே வேறு. சட்டத்தைச் சமாளிக்க வந்த இந்த எண், நல்வாய்ப்பாக, தீவுகளுக்கும் தோதாக அமைந்துவிட்டது. பன்னிரண்டு பேர் இருக்கும் படகில் இன்ஜினை அணைத்துவிட்டால் நீர்ச்சத்தம் கேட்கும். நமக்கு இதற்கு நேர் எதிரான அனுபவம்தான் முதலில் வந்தது. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கொர்டீலியா சொகுசுக் கப்பல் புறப்பட்டது; ஏறத்தாழ 1,800 பேர் போகக்கூடிய மிதக்கும் அடுக்குமாடி அது. அதில் போனவர்களுக்கு நீச்சல்குளமும் நாடக அரங்கும் கிடைத்தன. கடல் என்பது சன்னலுக்கு வெளியே ஓடும் நீல நிறம், அவ்வளவுதான். அதைக் குறை சொல்லவில்லை, அது வேறு பொழுதுபோக்கு. அந்த அளவுக் கப்பல் மன்னார் வளைகுடாத் தீவுகளின் பக்கமே வர முடியாது. பாம்பன் கால்வாய் வழியாகப் புகவும் முடியாது. கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்குப் போகும் பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்புவது உண்மைதான். ஆனால் கீழே இருக்கும் தண்ணீர் ஆழமாகிவிடவில்லையே. ஆக, இந்தக் கடலுக்கு வள்ளமும் வத்தையும்தான் அளவு.

தீவுகளை நான்கு கூட்டமாகப் பிரிப்பார்கள். தூத்துக்குடிப் பக்கம் வான், காசுவார், கரியாச்சல்லி, விலாங்குச்சல்லி. வேம்பாருக்கு எதிரே உப்புத்தண்ணி, புழுவினிச்சல்லி, நல்லதண்ணி. கீழக்கரைக் கூட்டத்தில் ஆனைப்பார், வாலிமுனை, பூவரசன்பட்டி, அப்பா, தலையாரி, வாழை, முல்லி. மண்டபம் பக்கம் முயல், மனோலி, மனோலிப்புட்டி, பூமரிச்சான், புள்ளிவாசல், குருசடை, சிங்கில். பெயர்களைச் சொல்லிப் பார்த்தாலே மீனவர் வாயிலிருந்து வந்தவை என்று தெரியும். உப்புத்தண்ணிக்குப் பக்கத்திலேயே ஒரு நல்லதண்ணி. குடிநீர் எங்கே கிடைக்கும், எங்கே கிடைக்காது என்பதையே ஊர்ப்பெயராக எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இவற்றில் மிகப் பெரியது முயல் தீவு, 129 ஹெக்டேர். ஒன்றிலும் மலை இல்லை, அருவி இல்லை, தென்னந்தோப்பு வரிசை பிடித்து நிற்கும் காட்சியும் இல்லை. பவளச் சிதிலமும் மணலும் சேர்ந்து கடல்மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று ஆள் உயரம்கூட எழாத திட்டுகள். மேலே கொஞ்சம் புதர், சில இடங்களில் அலையாத்தி. தீவு என்றதும் சினிமாப் பாட்டுக் காட்சியை நினைத்துக்கொண்டு போகிறவர் ஏமாந்து திரும்புவார். இங்கே பார்க்க வேண்டியது நிலத்தை அல்ல, அதைச் சூழ்ந்த தண்ணீரை. மீனவர்கள் ‘பார்’ என்று சொல்லும் பவளத்திட்டுகள் தீவுகளை வேலி போலச் சுற்றியிருக்கின்றன. நூறுக்கு மேற்பட்ட பவள இனங்களைக் கணக்கெடுத்திருக்கிறார்கள். பாருக்கு உள்பக்கம் கடல்தாழைப் புல்வெளி. அதை மேய்கிற ஆவுளியா என்னும் கடல்பசு. இந்த வளைகுடாவில் மொத்தம் 3,600-க்கும் மேற்பட்ட உயிரினங்கள் இருப்பதாகச் சொல்கிறார்கள். 1986-ல் 21 தீவுகளையும் சுற்றியுள்ள ஆழமில்லாக் கடலையும் சேர்த்து 560 சதுர கிலோமீட்டரைக் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். 1989-ல் 10,500 சதுர கிலோமீட்டர் உயிர்க்கோளக் காப்பகம் வந்தது. பூங்காவின் பரப்பில் நிலம் நூற்றுக்கு ஒன்றுதான் என்பதைக் கவனித்தால், தீவில் இறங்காமல் திரும்புகிறவர் இழப்பது அந்த ஒன்றை மட்டுமே என்பது விளங்கும்.

மேலே சொன்ன 21-ல் இரண்டு இன்று கிடையாது. தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குச்சல்லியும் கீழக்கரைப் பக்கத்துப் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. கடல்மட்டம் உயர்வது ஒரு காரணம் என்றாலும், பழியை முழுதாக அதன் தலையில் போட்டுவிட முடியாது. பல பத்தாண்டுகளாகச் சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுக் கட்டுமானத்துக்கும் இந்தப் பார்களிலிருந்துதான் பவளக்கல்லை உடைத்து ஏற்றினார்கள். அலையின் வேகத்தைத் தடுத்து உடைக்கிற மதில் அந்தப் பார். மதிலைப் பெயர்த்துவிட்டால் அலை நேரே மணலில் மோதும், மணல் கரையும். 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில், அதாவது புலியும் யானையும் இருக்கிற பட்டியலில், சேர்க்கப்பட்டன. 2004 சுனாமிக்குப் பிறகுதான் கல் உடைப்பு உண்மையாகவே நின்றது. பார் இருந்த இடத்தில் கரை தப்பியதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டார்கள். வான் தீவும் விலாங்குச்சல்லி வழியில் போய்க்கொண்டிருந்தது. 2015 கடைசியில் தொடங்கி, அதைச் சுற்றிப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட செயற்கைப் பவளத்திட்டுக் கட்டைகளை இறக்கினார்கள். வடிவமைப்பு சென்னை ஐ.ஐ.டி.; களத்தில் செய்தது தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிலையம். தீவு பிழைத்துக்கொண்டது, கொஞ்சம் மணலும் சேர்ந்தது. ஒரு சிறு திட்டைக் காப்பாற்ற எவ்வளவு சிமென்ட், எவ்வளவு பணம், எத்தனை ஆண்டு! இதற்கிடையில் கடல் சூடேறி, 2010-லும் 2016-லும் பவளங்கள் வெளுத்தன. 2016-ல் மட்டும் உயிருள்ள பவளம் மூடியிருந்த பரப்பு சுமார் 39 விழுக்காட்டிலிருந்து 23 விழுக்காட்டுக்கு விழுந்தது என்று அதே நிலையம் கணக்கிட்டது. காய்ச்சலிலிருந்து தேறிவரும் உடம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உடம்பின் மேல் நங்கூரத்தை வீசுவதா என்பதுதான் கேள்வி.

இதைவிட எனக்கு முக்கியமாகப் படும் வாதம் ஒன்று உண்டு. அது இயற்கையைப் பற்றியது அல்ல, மனிதர்களைப் பற்றியது. பாம்பன் சின்னப்பாலம் தொடங்கி மண்டபம், கீழக்கரைக் கரை வரைக்கும் பாசி எடுக்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக இந்தத் தீவுகளைச் சுற்றிய ஆழமில்லாக் கடலில் மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியையும் கட்டக்கோரைப் பாசியையும் அறுத்து வந்தவர்கள். ஐஸ்கிரீம் முதல் மருந்து வரை உறைய வைக்கும் பொருள்களுக்கு அந்தப் பாசிதான் மூலம். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தட்டுப்போல எதையாவது கட்டிக்கொண்டு மூச்சைப் பிடித்து இறங்குகிற வேலை. பூங்கா அறிவிப்புக்குப் பிறகு அவர்கள் தீவுப் பக்கம் போவதே குற்றமாயிற்று. படகும் பாசியும் பறிபோன காலம் இருந்தது. அவர்கள் செய்தது என்ன? கட்டுப்பாட்டைத் தாங்களே வகுத்துக்கொண்டார்கள். மாதத்தில் சுமார் 12 நாள் மட்டும் இறங்குவது, பவளத்தை இரும்பால் சுரண்டாமல் கையால் பறிப்பது, பாசி வளரும் காலத்தில் முழுதாக ஓய்வு விடுவது. இந்தப் பெண்களின் கூட்டமைப்புக்குத் தலைமை தாங்கிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுப் பாதுகாப்புக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது. பள்ளிக்கூடம் பெரிதாகப் போகாத ஒரு கடற்கரைப் பெண்ணுக்கு உலகப் பரிசு என்று செய்தி போட்டுவிட்டு நாம் மறந்துவிட்டோம். இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். வயிற்றுப்பாட்டுக்காகப் போனவளை வராதே என்று நிறுத்திவிட்டு, விடுமுறைக்காக வருகிறவரைக் குளிரூட்டிய படகில் அழைத்துப்போய் அதே மணலில் இறக்கிவிட்டால், அதற்குப் பெயர் பாதுகாப்பா? காசு உள்ளவனுக்கு வேறு சட்டம் என்று சின்னப்பாலத்தில் பேசுவார்கள். அதை மறுக்க நம்மிடம் ஒரு வார்த்தையும் இருக்காது. தீவில் யாரும் இறங்கக்கூடாது என்ற விதி நியாயமாக நிற்க வேண்டுமென்றால் அது எல்லோருக்கும் பொருந்தியாக வேண்டும்.

இதற்கு முதலில் வருகிற மறுப்பு கலாபகஸ். ஈக்வடார் நாடு அங்கே படகுப் பயணிகளை இறக்குகிறது, கட்டணம் வாங்குகிறது, அந்தப் பணத்தில் காப்பாற்றவும் செய்கிறது. நமக்கு மட்டும் ஏன் முடியாது என்று கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். அங்கே ஒரு கப்பலில் 100 பேருக்கு மேல் ஏற்ற முடியாது. 16 பயணிகளுக்கு ஒரு உரிமம் பெற்ற வழிகாட்டி. ஒரு படகு போன இடத்துக்கே 14 நாளுக்குள் திரும்பப் போகக் கூடாது. வெளிநாட்டுப் பயணிக்கு நுழைவுக் கட்டணம் 2024 ஆகஸ்டில் 100 டாலரிலிருந்து 200 டாலராயிற்று. இத்தனை கெடுபிடியையும் நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கே இருப்பவை எரிமலைப் பாறைத் தீவுகள், மொத்தம் ஏறத்தாழ 8,000 சதுர கிலோமீட்டர். நம்முடையதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல். அங்கே ஒரு பாதையில் நூறு பேர் நடந்தால் பாறை தேயாது. இங்கே 15 ஏக்கர் மணல் திட்டில் நூறு பேர் நடந்தால் மண்ணைப் பிடித்துவைத்திருக்கும் கொடி அறுந்துபோகும். வேண்டுமானால் ஒரேயொரு தீவை மக்கள் பார்வைக்கு விடலாம், அது நடக்கவும் செய்கிறது: குந்துகாலிலிருந்து குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறது. கடலுயிர் ஆய்வாளர்கள் நூறாண்டுக்கு மேலாக வந்துபோகும் தீவு அது. மாணவர்கள் ஒரு தீவையாவது கிட்டத்தில் பார்க்கட்டும். ஒன்றைத் திறந்துவிட்டு மற்றவற்றை அடைத்து வைப்பது முரண்பாடு ஆகாது. கோயிலில் முன்மண்டபம் எல்லோருக்கும், கருவறை அப்படி அல்ல என்பதை நாம் பழகித்தானே இருக்கிறோம். (கருவறை உவமைக்கு வேறு சிக்கல்கள் உண்டு என்பது தெரியும், இங்கே இந்த மட்டில் போதும்.)

அடுத்த மறுப்பு கொஞ்சம் காரமானது. கடலின் அடியை வழித்து எடுக்கிற இழுவை மடிகளை விட்டுவிட்டு, வேடிக்கை பார்க்க வருகிறவனைப் பிடித்துக்கொள்வானேன்? உண்மையில் பாதி இதில் இருக்கிறது. விசைப்படகுகள் கரையை ஒட்டிய கடலில் மீன் பிடிக்கக் கூடாது என்று 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் விதி உண்டு. அந்த விதி எப்படி மதிக்கப்படுகிறது என்பதை எந்த நாட்டுப்படகு மீனவரைக் கேட்டாலும் சொல்வார். ஒரு சுற்றுலாப் படகு செய்யும் கேடு இழுவை மடியின் கேட்டில் நூற்றில் ஒன்றுகூட இராது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவர்கள் போகிற இடம் ஒன்றல்ல. மடி ஆழத்தில் போகும். சுற்றுலாப் படகு காட்சிக்காகப் பாரின் மேலேயே வந்து நிற்கும். ஓரிரு ஆள் ஆழமே இருக்கும் கடல்தாழைக்குள் புரொப்பல்லரை ஓட்டும். ஆவுளியா மேய்கிற இடமே அதுதான். 2022 செப்டம்பரில் பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை நாட்டின் முதல் கடல்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தபோது, இந்தியாவிலேயே சுமார் 240 கடல்பசுக்கள்தான் மிச்சம் என்றார்கள். எண்ணிக்கை அந்த நிலையில் இருக்கும்போது, பெரிய கேட்டை நிறுத்தும்வரை சின்னக் கேட்டையும் விட்டுவைப்போம் என்று பேசுவது எந்தக் கணக்கிலும் சேராது.

மூன்றாவது மறுப்பு ரசனை பற்றியது. படகில் படுத்து, அலை தாலாட்ட, வெள்ளியைப் பார்த்தபடி தூங்காத பயணம் என்ன பயணம் என்று கேட்பார்கள். ஆசை நியாயமானதே. ஆனால் படகில் இரவு தங்குவது என்றால் கழிப்பறை, சமையலறை, ஜெனரேட்டர், டீசல், குப்பை எல்லாம் கூடவே வரும். வேம்பநாட்டுக் காயலைப் பார்த்துக்கொள்ளலாம். நெல் ஏற்றிய கெட்டுவள்ளத்தை 1990-களில் படகு வீடாக்கியபோது எல்லோரும் கைதட்டினார்கள். பழைய தொழிலுக்கு மறுவாழ்வு என்றார்கள். படகுகள் பெருகப் பெருக, 2002-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் இடம்பெற்ற அந்தக் காயலில் கழிவும் எண்ணெயும் மிதப்பதே பேச்சாயிற்று. அது பெரிய காயல். நம் பார்கள் அந்தக் கழிவைத் தாங்கமாட்டா. அதோடு இன்னொன்று: இரவு படகிலேயே கழிந்தால் பயணியின் பணமும் படகிலேயே கழியும். கரைக்கு வந்து சேராது.

கரையில் தங்குவதில்தான் இந்த ஒரு வாரப் பயணத்தின் ருசியே இருக்கிறது என்பேன். 21 தீவுகளும் விரிந்து கிடக்கும் நீளம் சுமார் 140 கிலோமீட்டர். ஏழு நாளுக்குப் பங்கிட்டால் நாளுக்கு 20 கிலோமீட்டர். நாட்டுப்படகுக்கு இது காலை வேளை வேலை. தூத்துக்குடியில் தொடங்கலாம். 1961-க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை என்றாலும் ஊரின் பெயரோடு முத்து ஒட்டிக்கொண்டேயிருக்கிறது. மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப் போகும் தோணிகள் இன்னும் இருக்கின்றன. அடுத்து வைப்பார், வேம்பார். பரதவர்களின் ஏழு கடல்துறைகளில் இரண்டு இவை. வேம்பார்க் கருப்பட்டியைச் சாப்பிட்டுப் பார்த்தவர்கள் வெள்ளைச் சர்க்கரையைக் கொஞ்ச நாள் தொடமாட்டார்கள். வாலிநோக்கத்தில் அரசு உப்பளம். உப்புப் பாத்தியில் வெயில் இறங்கும் நேரத்தைப் பார்க்கவே ஒரு மாலையை ஒதுக்கலாம். ஏர்வாடியில் தர்கா. அதன் பக்கத்தில் பிச்சைமூப்பன்வலசையில் கடல் நடுவே எழும் மணல்திட்டுக்குப் படகு போகிறது. கீழக்கரையில் கல்தூண் மண்டபம்போலக் கட்டிய பழைய ஜும்மா பள்ளி, முத்தும் சங்கும் விற்று வளர்ந்த மரைக்காயர் வீதிகள், தொதல் என்கிற தேங்காய்ப்பால் இனிப்பு. பெரியபட்டினத்தில் மண்ணைத் தோண்டினால் சீனப் பீங்கான் ஓடு. இந்தக் கடல் வழியாக உலகம் வந்துபோனதற்குச் சாட்சி. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம். தலைமையிடம் பின்னர் கொச்சிக்குப் போனாலும் மண்டபத்தில் வேலை தொடர்கிறது. கடைசியில் பாம்பன் குந்துகால். 1897 ஜனவரி 26 அன்று யாழ்ப்பாணத்திலிருந்து வந்த விவேகானந்தர் கரை ஏறிய இடம். நாள்தோறும் படகு போகும். தீவுகள் இடப்பக்கமும் வலப்பக்கமும் வரும். கண்ணாடித்தளப் படகு இருக்கும் இடத்தில் பாரைக் குனிந்து பார்க்கலாம். மாலையில் யாராவது ஒருவர் வீட்டு வாசலில் மீன் குழம்பு. இப்படி ஏழு நாளையும் ஒரே நூலில் கோத்த ஏற்பாடு இன்னும் அமையவில்லை. துண்டு துண்டாகத்தான் கிடைக்கிறது. கோக்கிற வேலை பெரிய முதலீடு கேட்பதல்ல. தொண்டிப் பக்கத்துக் காரங்காட்டில் ஊர்க்காரர்களே வனத்துறையோடு சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விட்டு, சாப்பாடும் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். அதே முறையைத் தெற்கே நீட்டினால், பாசி எடுக்கும் பெண்ணே வழிகாட்டியாக வரலாம். எந்தப் பார் எங்கே இருக்கிறது என்று அவளைவிடத் தெரிந்தவர் யார்?

சிறு படகு என்றதும் ஆவடி வட்டாரத்துக்கு ஒரு கெட்ட நினைவு வந்தாக வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று இதே திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில், அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். 2023 மே 7 அன்று கேரளத்துத் தானூரிலும் அதே எண்ணிக்கை, 22. இரண்டிலும் படகு சிறிது என்பது குற்றமல்ல. ஆள் அதிகம், உயிர்காப்பு அங்கி இல்லை, கேட்பார் இல்லை என்பதே குற்றம். ஆகவே 12 பேர் என்ற கணக்கு இங்கே வசதிக்காக அல்ல, உயிருக்காக. காற்றும் அப்படியே. ராமநாதபுரக் கரையில் பாக் நீரிணைப் பக்கத்தைப் பெண் கடல் என்றும் மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை ஆண் கடல் சீறும். பள்ளிக்கூடக் கோடை விடுமுறையின் பின்பாதி அதில் மாட்டிக்கொள்கிறது. வாடைக் காலத்தில் மழையும் புயலும். ஜனவரி முதல் மார்ச் வரைதான் தண்ணீர் தெளிந்து கடல் படுத்திருக்கும். நம் விடுமுறைக்குக் கடல் காத்திருக்காது. நாம்தான் விடுப்பை மாற்றிப் போட வேண்டும்.

எல்லாம் சரி, தீவில் நடந்தே ஆக வேண்டும் என்பவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மனிதர் வாழும் தீவுகள் இருக்கின்றன. ராமேஸ்வரமே ஒரு தீவு. பாலத்தில் ரயிலில் போய் இருபத்திரண்டு தீர்த்தம் ஆடிவிட்டுத் திரும்புகிறவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். இன்னும் தூரம் போக விரும்பினால் நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் 2023 அக்டோபரில் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடியும் ஓடத் தொடங்கியது. யாழ்ப்பாணத்திலிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை வந்தால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு உண்டு. நெடுந்தீவு மட்டுமே சுமார் 50 சதுர கிலோமீட்டர். காட்டுக் குதிரைகளும் முருகைக்கல் அடுக்கிய வேலிகளும் பெருக்கு மரமும் உள்ள ஊர். நம் 21 தீவுகளைப்போல எட்டு மடங்கு. அங்கே நடப்பதால் எதுவும் கரைந்துபோகாது. நடந்து களைத்தால் தேநீர் போட்டுத்தர ஆளும் இருப்பார்கள். ஆவடியில் ராணுவ வாகனத் தொழிற்சாலையிலும் மற்ற மத்திய அரசு அலுவலகங்களிலும் வேலை செய்கிறவர்களுக்கு எல்.டி.சி. என்னும் விடுப்புப் பயணத் திட்டத்தில் அந்தமானுக்கு விமானத்தில் போய்வரச் சலுகை உண்டு. தீவு பார்க்க அந்தமான்தான் போக வேண்டும் என்ற எண்ணம் இங்கே ஊறியதில் அந்தச் சலுகைக்கும் பங்கு இருக்கும். போய் வரட்டும். ஆனால் ஒரே ஒரு இரவு ரயிலில் போய்ச் சேரும் தூரத்தில் இன்னொரு தீவுக்கூட்டம் கிடக்கிறது.

போகிறவர்கள் தூத்துக்குடியிலோ பாம்பனிலோ படகுக்காரர் "தீவுல இறக்கி விடுறேன் சார், கூட ஐந்நூறு ரூபாய் குடுங்க" என்று சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அங்கி கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். பன்னிரண்டாவது ஆளுக்கு மேல் ஏறினால் நீங்கள் இறங்கிவிடுங்கள். எழும்பூரிலிருந்து மாலையில் புறப்படும் முத்துநகர் எக்ஸ்பிரஸ் மறுநாள் காலை தூத்துக்குடி போய்ச் சேரும். முன்பதிவு 60 நாளுக்கு முன் தொடங்குகிறது; ஜனவரிக் கடலைப் பார்க்க நினைப்பவர்கள் நவம்பரிலேயே சீட்டு எடுத்துவிட வேண்டும்.